தண்ணீரை அடக்கினால் சாக்லேட் பேசும்

(மனையியல் துறை மாணவர் மன்றத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் பேச வந்திருப்பது ஐஸ்கிரீமைப் பற்றி. அதிலும் ஒரே ஒரு ஐஸ்கிரீம்: கறுத்து, கனத்து, முதல் வாயில் கசப்பும் இரண்டாம் வாயில் இனிப்புமாக இறங்குகிற டார்க் சாக்லேட் ஐஸ்கிரீம். அதை வீட்டு அடுப்படியில், வீட்டு ஃபிரிட்ஜில் எப்படிச் செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

வீட்டில் இதைச் செய்து பார்த்தவர்களிடம் கேட்டால் மூன்று குறைகள் சொல்வார்கள். "கல்லு மாதிரி இறுகிப்போச்சு." "வாயில வச்சா நறநறங்குது." "சாக்லேட் போட்டும் சாக்லேட் ருசியே தெரியல." இந்த மூன்றுக்கும் அவர்கள் தேடுகிற மருந்து ஒன்றுதான்: அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கிரீம், இன்னும் இரண்டு கட்டி சாக்லேட். மருந்து கூடக் கூட நோயும் கூடும். கிரீம் அதிகமானால் சாக்லேட்டின் வாசனை அமுங்கும். சாக்லேட் கட்டி அதிகமானால் ஐஸ்கிரீம் இன்னும் இறுகும். ஐஸ்கிரீமின் செழுமை, எதை அள்ளிக் கொட்டினோம் என்பதைவிட, அதிலுள்ள தண்ணீரை எப்படி நடத்தினோம் என்பதைப் பொறுத்தது. இன்று நான் சொல்லப்போவது அனைத்தும் இந்த ஒரு கருத்தின் விரிவு.

முதலில் ஐஸ்கிரீம் என்பது என்ன? நான்கு பொருள்கள் ஒன்றாக இருக்கும் ஒரு கூட்டு: நுண்ணிய பனிப்படிகங்கள், காற்றுக் குமிழிகள், கொழுப்புத் துளிகள், இவற்றுக்கு நடுவே உறையாமல் நிற்கும் சர்க்கரைப் பாகு. இதில் நாக்கு முதலில் கண்டுபிடிப்பது பனிப்படிகத்தைத்தான். படிகத்தின் அளவு 50 மைக்ரானைத் தாண்டினால், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டினால், நறநறப்பு தெரியத் தொடங்கும். அதற்குள் நின்றுவிட்டால் அதே பனி வெண்ணெயாய் வழுக்கும். தண்ணீர் ஒன்றுதான். அது பெரும் படிகங்களாக உறைகிறதா, பொடிப்பொடியாக உறைகிறதா என்பதே வேறுபாடு.

காற்றையும் சொல்லிவிடுகிறேன். கடையில் ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவை வாங்கித் தராசில் வைத்துப் பாருங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் போதும். மீதி காற்று. அதில் மோசடி ஏதும் இல்லை. காற்று இல்லாவிட்டால் ஐஸ்கிரீம் பனிக்கட்டிதான். ஆனால் வீட்டுக் கருவியில் கடைந்த ஐஸ்கிரீம் லிட்டருக்கு 800 கிராமுக்கு மேல் நிற்கும். காற்று குறைவு, கனம் அதிகம். வீட்டில் செய்வதன் முதல் லாபம் இதுதான். அதே விதிகளின்படி ஐஸ்கிரீம் என்று பெயர் போட, பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். தாவர எண்ணெயில் செய்தது 'ஃப்ரோஸன் டெசர்ட்'. டப்பாவை வாங்கும்போது அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

இனி சாக்லேட்டுக்கு வருவோம். இங்கே கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது, ஏனென்றால் நமக்கு வேண்டிய சூத்திரம் அதில்தான் இருக்கிறது.

சாக்லேட் பனியாக உறைந்த வரலாறு பழையது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் பெரிய இடத்து வீட்டு நிர்வாகியாக இருந்த அந்தோனியோ லத்தீனி 1690-களில் வெளியிட்ட சமையல் நூலிலேயே சாக்லேட்டை உறையவைக்கும் முறை இருக்கிறது. அன்றைக்குச் சாக்லேட் என்பது கோப்பையில் ஊற்றிக் குடிக்கும் பானம். கடித்துத் தின்னும் கட்டி இன்னும் பிறக்கவில்லை. கோகோ விதையை வறுத்து அரைத்தால் வருவது எண்ணெய் மிதக்கும் ஒரு விழுது. அதில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. அதற்குக் கோகோ பட்டர் என்று பெயர். 1828-இல் ஆம்ஸ்டர்டாமில் வான் ஹௌட்டன் குடும்பத்தார் அந்த விழுதை அழுத்திப் பிழிந்து கொழுப்பைத் தனியே எடுக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். பிழிந்த பிறகு எஞ்சிய சக்கையைப் பொடித்தால் அதுதான் கோகோ பவுடர். இருபது ஆண்டு கழியுமுன், 1847-இல், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஃப்ரை நிறுவனம் பிழிந்தெடுத்த கொழுப்பையே கோகோவிலும் சர்க்கரையிலும் திரும்பக் கலந்து, அச்சில் ஊற்றி, கடித்துத் தின்னும் கட்டியாக்கியது.

இதில் நமக்கான பாடம் என்ன? ருசியும் நிறமும் கசப்பும் பவுடரில் தங்கின. வழுவழுப்பு கட்டியில் சேர்ந்தது. கட்டி சாக்லேட் வாயில் கரைவதன் ரகசியம், கோகோ பட்டர் ஏறக்குறைய 34 பாகை செல்சியஸில் உருகுவது. உடம்புச் சூடு 37. ஆகவே நாக்கில் வைத்ததும் உருகும். ஃப்ரீஸரின் சூடோ கழித்தல் 18. அங்கே அதே கோகோ பட்டர் மெழுகாக இறுகி, ருசியைத் தனக்குள் பூட்டிக்கொள்ளும். கட்டி சாக்லேட்டை மட்டும் உருக்கி ஊற்றிச் செய்த ஐஸ்கிரீம் இறுகலாகவும் மந்தமாகவும் இருப்பதற்குக் காரணம் இது. எனவே ருசிக்குப் பவுடர், வழுவழுப்புக்குக் கட்டி என்று இரண்டையும் சேர்த்துக் கையாள வேண்டும். பவுடர்தான் தலைமை. கட்டி துணை.

கடையில் எதை வாங்குவது? 'டிரிங்கிங் சாக்லேட்' என்று விற்பதில் பெரும்பங்கு சர்க்கரை, அது வேண்டாம். இனிப்புச் சேராத கோகோ பவுடராக இருக்க வேண்டும். அதிலும் இரு வகை. ஒன்று இயல்பான புளிப்புள்ள இளம்பழுப்புப் பவுடர். மற்றது காரம் சேர்த்துப் பதப்படுத்திய கரும்பழுப்புப் பவுடர். பொருள் பட்டியலில் 501 போன்ற எண்ணோடு அமிலச் சீராக்கி என்று அச்சிட்டிருக்கும். கருமையும் கனமும் வேண்டுகிற நமக்கு இரண்டாவதே ஏற்றது. கட்டி சாக்லேட்டில் 70 சதவீதம் கோகோ என்று எழுதியதை எடுங்கள். பேக்கரிப் பொருள்கள் விற்கும் கடையில் பெரிய பாளமாக மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் காம்பவுண்ட். அதில் கோகோ பட்டருக்குப் பதில் தாவரக் கொழுப்பு. குளிரில் அது வாயில் பசையாக ஒட்டும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ விளைகிறது. அந்தக் காயிலிருந்து கட்டி சாக்லேட் செய்பவர்களும் நம்மூரிலேயே இருக்கிறார்கள். கிடைத்தால் அதையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 6 சதவீதக் கொழுப்புள்ள முழுக்கொழுப்புப் பால் 500 மி.லி. 25 சதவீதக் கொழுப்புள்ள ஃபிரெஷ் கிரீம் 200 மி.லி. சர்க்கரை 150 கிராம். கோகோ பவுடர் 50 கிராம். டார்க் சாக்லேட் 100 கிராம். முட்டை மஞ்சள் கரு 4. லிக்விட் குளுக்கோஸ் ஒரு மேசைக்கரண்டி. உப்பு கால் தேக்கரண்டி. நம் வீட்டு ஃபில்டரில் இறங்கிய கெட்டி டிகாக்‌ஷன் ஒரு மேசைக்கரண்டி. காபி ருசி தெரியாது, சாக்லேட் ருசியைத் தூக்கிக் கொடுக்கும்.

இப்போது இதில் தண்ணீர்க் கணக்கைப் போடுவோம். மொத்த எடை ஏறக்குறைய 1,100 கிராம். பாலில் 85 சதவீதம் தண்ணீர்; கிரீமிலும் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்; மஞ்சள் கருவில் பாதி தண்ணீர். கூட்டினால் 610 கிராம் அளவுக்கு வரும். அதாவது நூற்றுக்கு 55. கொழுப்பு நூற்றுக்கு 13, 14. இந்த 610 கிராம் தண்ணீரை ஆளுக்கொரு கை பிடித்துக் கட்டிவைக்க வேண்டும். சர்க்கரை தண்ணீரில் கரைந்து அதன் உறைநிலையைக் கீழே இறக்கும். ஃப்ரீஸரிலும் ஒரு பங்கு உறையாத பாகாக நிற்பதால்தான் கரண்டி இறங்குகிறது. குளுக்கோஸின் மூலக்கூறு சர்க்கரையின் மூலக்கூறில் பாதியளவே எடை. அதே எடை போட்டால் எண்ணிக்கையில் இரட்டிப்பாகும், உறைநிலையும் அந்த அளவுக்கு இறங்கும். கடையில் கிடைக்கும் லிக்விட் குளுக்கோஸ் முழுக் குளுக்கோஸ் அன்று. அதில் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளும் கலந்திருப்பதால் பாகுக்குக் கெட்டித்தன்மை வந்து, படிகம் பெருக்காமல் தடுக்கும். மஞ்சள் கருவிலுள்ள லெசிதின் கொழுப்பையும் தண்ணீரையும் இணைத்துப் பிடிக்கும். பால் புரதமும் கோகோவின் மாவுச்சத்தும் தம் பங்குக்குத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஒருவர் ஆரோக்கியம் கருதிச் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தால், குறைவது இனிப்பு மட்டுமன்று. தண்ணீரைக் கட்டிய கயிறும் அறுந்துபோகும். பிறகு ஐஸ்கிரீமை உடைக்க அரிவாள் வேண்டும்.

அடுப்பைப் பற்றவைக்கலாம். அடி கனத்த பாத்திரத்தில் கோகோ பவுடரையும் சர்க்கரையில் பாதியையும் உப்பையும் போட்டு, முதலில் கால் டம்ளர் பாலை மட்டும் ஊற்றிக் குழையுங்கள். மொத்தப் பாலையும் ஒரேயடியாக ஊற்றினால் பவுடர் திட்டுத்திட்டாக மிதந்து கட்டி தட்டும். விழுது பளபளவென்று வந்ததும் மீதிப் பாலை ஊற்றிக் கொதிக்க விடுங்கள். கொதி வந்தவுடன் இறக்கிவிடாதீர்கள். சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம் கை விடாமல் கிளறுங்கள். இந்த நேரத்தில் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருங்கள். தொடக்கத்தில் சாம்பல் பூத்த பழுப்பாக இருக்கும். குமிழிகள் பொடியாகவும் நுரையாகவும் எழும். மாவுச்சத்து வெந்து கூழாகும்போது குமிழி பெருத்து, சோம்பலாக 'ப்ளக்' என்று வெடிக்கும். நிறம் கருஞ்சிவப்பாகத் திரும்பும். பச்சைப் பொடி வாடை போய், சாக்லேட் வாசனை அடுப்படியைத் தாண்டிக் கூடத்துக்குப் போகும். அதுதான் பதம். சூடான திரவத்தில் வெந்தால்தான் கோகோவின் ருசி முழுதாக இறங்கும். பச்சைப் பவுடரைக் குளிர்ந்த கலவையில் தூவுவது வீண்.

மஞ்சள் கருவை மீதிச் சர்க்கரையோடு நன்றாக அடித்து, சூடான கோகோப் பாலை ஒரு கரண்டி, இரண்டு கரண்டி என்று அதில் விட்டுக் கலக்குங்கள். பிறகு மொத்தத்தையும் பாத்திரத்துக்கே திருப்பி, மிகச் சிறு தீயில் கிளறுங்கள். வெப்பமானி இருந்தால் 82 பாகை வரை கொண்டுபோகலாம். 85-ஐத் தாண்டினால் முட்டை திரிந்துவிடும். வெப்பமானி இல்லையா? கரண்டியைத் தூக்கி அதன் பின்புறத்தில் விரலால் ஒரு கோடு இழுங்கள். இரு பக்கத்துக் கலவையும் வழிந்து கோட்டை மூடாமல் நின்றால் போதும், இறக்கிவிடலாம். முட்டையிலுள்ள கிருமிகள் சாக வேண்டும் என்பதற்காகவும் இந்தச் சூடு கட்டாயம்.

சாக்லேட் கட்டியைப் பொடியாக நறுக்கி வேறொரு பாத்திரத்தில் வைத்து, சூடான கலவையை அதன்மேல் வடிகட்டியில் ஊற்றுங்கள். ஒரு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து வெளிநோக்கிக் கலக்குங்கள். பிறகு குளுக்கோஸ், டிகாக்‌ஷன், குளிர்ந்த கிரீம். எண்ணெய்ப் புள்ளிகள் மினுங்கினால் ஹேண்ட் பிளெண்டரை ஓட்டுங்கள். இந்த நிலையில் ருசி பார்த்தால் இனிப்புச் சற்றுத் தூக்கலாக இருக்கும். பயப்படாதீர்கள், குளிரில் நாக்குக்கு இனிப்பு மங்கும். சூட்டில் சரியாக இருந்தால் குளிரில் கசக்கும்.

முட்டை சேர்க்காத வீடுகள் நம்மிடையே நிறைய. அவர்களுக்கும் நல்ல வழி உண்டு. இத்தாலியின் சிசிலித் தீவில் முட்டைக்குப் பதில் மக்காச்சோள மாவு போட்டுத்தான் ஐஸ்கிரீம் செய்யும் வழக்கம். நம் கணக்குக்கு இரண்டு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளவர், கொழுப்பு நீக்கிய பால் பவுடர் இரண்டு மேசைக்கரண்டி. குளிர்ந்த பாலில் கரைத்து ஊற்றிக் கூழாகும்வரை காய்ச்சுங்கள். உண்மையில் முட்டை வாடை குறுக்கே வராததால் இதில் சாக்லேட் இன்னும் தெளிவாகத் தெரியும். பாலைச் சுண்டக் காய்ச்சுவதும் தண்ணீரைக் குறைக்கும் வழிதான். கடையாமலே குல்ஃபி கெட்டியாக நிற்பது அப்படிச் சுண்டக் காய்ச்சுவதால்தான். ஆனால் சுண்டிய பாலின் கோவா வாசனை சாக்லேட்டோடு மல்லுக்கு நிற்கும். பால் பவுடரையும் அளவோடு போடுங்கள். மிஞ்சினால் பால் சர்க்கரை படிகமாகி மணல் மாதிரி நெருடும்.

கலவை தயார். இனிதான் அவசரக்காரர்கள் கோட்டை விடும் இடம். பாத்திரத்தைப் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் வைத்து விரைவில் ஆறவைத்து, மூடி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வையுங்கள். அந்த இரவில் கொழுப்புத் துளிகள் உள்ளுக்குள் படிகமாகும். புரதமும் மாவுச்சத்தும் தண்ணீரை நிறையக் குடிக்கும். கொழுப்பு இப்படிப் பாதி இறுகியிருந்தால்தான் கடையும்போது துளிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு காற்றுக் குமிழியைத் தாங்கும். காலையில் பார்த்தால் கலவை புட்டிங் போலக் கெட்டியாக இருக்கும். அப்படியே இருக்கட்டும்.

கடைவதற்கு வழி மூன்று. ஐஸ்கிரீம் கருவி இருப்பவர்கள் அதன் கிண்ணத்தை ஒரு முழுநாள் ஃப்ரீஸரில் வையுங்கள். எடுத்துக் காதருகே குலுக்குங்கள்; உள்ளே திரவம் சலசலத்தால் கிண்ணம் இன்னும் தயாரில்லை. கலவையும் கிண்ணமும் எவ்வளவு குளிர்ந்திருக்கின்றனவோ அவ்வளவு விரைவாக உறையும். விரைவாக உறைந்தால் படிகம் பொடியாக இருக்கும். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் கலவை கழித்தல் 5, 6 பாகைக்கு வந்து, தண்ணீரில் ஏறக்குறைய பாதி உறைந்து, குழையக் குழைய நிற்கும். அத்தோடு நிறுத்துங்கள்.

கருவி இல்லாதவர்களுக்கு ஐஸும் கல் உப்பும். மூன்று பங்கு நொறுக்கிய ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு. உப்பு ஐஸை உருக்குகிறது; உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தை ஐஸ் பக்கத்திலிருக்கும் பாத்திரத்திலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. இந்தக் கலவை கழித்தல் 21 பாகை வரை இறங்கக்கூடியது. 1843-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி காப்புரிமை பெற்ற கைப்பிடிக் கருவி இந்தத் தத்துவத்தில் இயங்கியதுதான். ஐஸ்கிரீமைப் பெரிய மாளிகையின் அடுக்களையிலிருந்து சாதாரண வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தவர்களில் அவருக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. நீங்கள் ஒரு எவர்சில்வர் தூக்கை ஐஸ் நிரப்பிய வாளிக்குள் வைத்துச் சுழற்றுங்கள். அடிக்கடி திறந்து சுவரில் உறைந்ததை வழித்து நடுவில் தள்ளுங்கள். உப்புத் தண்ணீர் உள்ளே தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி மிக்ஸி. கலவையைத் தட்டில் மெல்லிய படலமாக ஊற்றி உறையவைத்து, துண்டுகளாக்கி, குளிர்ந்த ஜாரில் விட்டு விட்டு அடித்து, உடனே மறுபடி ஃப்ரீஸருக்குள் தள்ளுங்கள். முதல் இரண்டு வழியின் மென்மை வராது, நறநறப்பும் இருக்காது.

கடைந்ததை ஏற்கெனவே குளிர்வித்த, ஆழம் குறைந்த டப்பாவில் பரப்பி, மேலே பட்டர் பேப்பரை ஒட்ட அழுத்தி மூடி, ஃப்ரீஸரின் உட்புறச் சுவரோரம் வையுங்கள். ஆறு மணி நேரம் கதவைத் திறக்க வேண்டாம். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் ஐஸ்கிரீமுக்கு அதுதான் எமன். கொஞ்சம் உருகி மறுபடி உறையும்போது சின்னப் படிகங்கள் கரைந்து, அந்தத் தண்ணீர் பெரிய படிகங்களில் போய் ஒட்டும். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் அத்தனை பாடும் வீண். பனி தானாக உருகும் ஃபிரிட்ஜிலும் மெதுவாக இதே கதைதான். ஆகவே ஒரு வாரத்துக்குள் தின்று தீர்த்துவிடுங்கள். இந்த ஆலோசனையை யாரும் மறுக்கப்போவதில்லை. பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்பு டப்பாவைக் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். கழித்தல் 18-இல் நாக்கு மரத்துப்போகும். கழித்தல் 12, 13-இல்தான் கோகோ வாய் திறக்கும்.

நிறைவாக, தொடக்கத்தில் சொன்ன மூன்று குறைகளுக்கும் விடையை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கல்லாக இறுகினால் சர்க்கரையைப் பாருங்கள், கட்டி சாக்லேட் மிஞ்சியதா என்று பாருங்கள். நறநறத்தால் குளிரின் வேகத்தைப் பாருங்கள். கலவையை ஓர் இரவு விட்டீர்களா, கிண்ணம் முழுக்க உறைந்ததா என்று பாருங்கள். ருசி மந்தமாக இருந்தால் கோகோ வெந்ததா, கிரீம் கூடியதா என்று பாருங்கள். கொழுப்பு நாக்கில் படலமாகப் படிந்து கசப்பையும் வாசனையையும் மூடும். இருபது சதவீதக் கொழுப்புள்ள ஐஸ்கிரீம் விலையில் உயர்ந்தது, சாக்லேட்டில் தாழ்ந்தது.

முதல் முறை செய்யும்போது பாதாம், ஆரஞ்சுத் தோல், பிரவுனித் துண்டு எதுவும் சேர்க்காதீர்கள். வெறும் சாக்லேட் ஐஸ்கிரீமாகச் செய்து, எந்தப் பதத்தில் எது தப்புகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் குளிர் எவ்வளவு, உங்கள் அடுப்பின் சிறு தீ எவ்வளவு சிறியது என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். என் அளவுகளை ஐந்து கிராம், பத்து கிராம் கூட்டிக் குறைத்து உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று யாராவது, "நல்லா ரிச்சா இருக்கணும்னா இன்னும் ரெண்டு கரண்டி கிரீம் ஊத்து" என்று சொன்னால், கரண்டியைக் கொடுக்காதீர்கள்; தராசைக் கொடுத்துத் தண்ணீர்க் கணக்கைப் போடச் சொல்லுங்கள்.